மெதுவாகப் போகத் தெரியாத வண்டி

ஜூன் 8, ஞாயிறு

கோயமுத்தூர் சரித்திரத்தை இனி எழுதுகிறவர்கள் இன்றைய தேதியைச் சிவப்பு மையில் எழுத வேண்டியிருக்கும். என் அக்கா மகள் மிதுனாவுக்கு இன்று நிச்சயதார்த்தம். அது ஊரில் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். சரித்திரம் எங்கே வருகிறதென்றால், தாம்பூலம் மாற்றிய கையோடு நான் சபை நடுவில் எழுந்து நின்று அறிவித்தேன்: “மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் கிடையாது. என்னோட பழைய ஹெரால்டு கார். திறந்த வண்டி. மறுநாள் பொண்ணும் மாப்பிள்ளையும் கெளம்பறதும் அதுலதான். ஓட்டறது நான்.”

சபை ஸ்தம்பித்தது. காரணம், அந்தக் கார் என் கடைக்குப் பின்னால் ஷெட்டில் நின்றது நின்றபடி நிற்கிறது. ஒரே பூனைக் குடும்பம் ஏழு தலைமுறையாக அதில் பிரசவம் பார்த்துக்கொள்கிறது.

மிதுனா மட்டும் கை தட்டினாள். “நெசமாவா மாமா? என் கல்யாணத்துக்கு நீங்கதான் வண்டி ஓட்டுவீங்கன்னு சின்னதுல சொன்னீங்கல்ல!”

“சொன்னாச் சொன்னதுதான் அம்மிணி.”

எனக்கும் தனபாக்கியத்துக்கும் குழந்தை இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் மிதுனா நேராக என் மோட்டார் காயில் கட்டும் கடைக்குத்தான் வருவாள். செம்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒரு தகவலுக்காகக் குறித்து வைக்கிறேன், வேறொன்றுமில்லை.

மாப்பிள்ளைப் பையன் பெயர் யுகேந்திரன். பந்தயக் கார்களுக்கு இன்ஜின் டியூன் செய்யும் பட்டறையில் வேலையாம். இதை இன்று ஒருவர் விடாமல் எல்லாரும் என் காதில் வந்து சொன்னார்கள். சமையல்காரர்கூடச் சொன்னார். டியூன் செய்யத் தெரிந்தால் போதுமென்றால் ஆர்மோனியக்காரருக்கும் பெண் கொடுக்கலாமே.

ஜூன் 10, செவ்வாய்

பூனைகளை ராஜமரியாதையுடன் வெளியேற்றினேன். இன்ஜின் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே நான்கு கும்பகர்ணர்கள் பிஸ்டன் வேஷத்தில் தூங்குகிறார்கள். எழுப்ப முடியாது. சிலிண்டரை போர் அடித்துப் பெரிதாக்கிப் புது பிஸ்டன்தான் போட வேண்டும். போடுவதுதான் போடுகிறோம், இரண்டு கார்புரேட்டராகப் போடுவோம். வெளிநாட்டில் இப்படிப் பழைய வண்டியில் பேய் இன்ஜின் வைத்து ஓட்டுவதை ஹாட் ராட் என்கிறார்கள். சிங்காநல்லூருக்கு அந்தப் பாக்கியம் என் கையால் வரட்டும்.

தனபாக்கியம் டார்ச் பிடித்தாள். கை அசையாமல் டார்ச் பிடிக்க இந்த மாவட்டத்தில் அவளை விட்டால் ஆளில்லை.

“இது ஓடுமுங்களா?”

“ஓடாது. பறக்கும்.”

“பறந்தா எத்தன பேரு உக்காரலாமுங்க?”

“அழைப்பன்னைக்கு மாப்பிள்ளையும் நானும். மறுநாள் மிதுனாவும். அவ்வளவுதான்.”

“ஓ” என்றாள். டார்ச் வெளிச்சம் கொஞ்சம் நகர்ந்தது. பேட்டரி பலவீனம்.

ஜூன் 22, ஞாயிறு

வந்துவிட்டான். அழைக்காமலேயே. மிதுனாதான் கூட்டி வந்தாள். “மாமா, இவரும் கூட மாட ஒத்தாச பண்ணட்டுமே.”

ஒத்தாசை! இமயமலைக்கு முட்டுக் கொடுக்க ஒரு மூங்கில் குச்சி வந்திருக்கிறது.

“வணக்கமுங்க மாமா” என்றான். என்னை மாமா என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திக்குத்தான் பாத்தியதை என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். தனபாக்கியத்திடம் முறையிட்டேன். “பொண்ணு வீட்ல பெரியவங்கள மாமான்னு கூப்புடாம, பேரச் சொல்லியா கூப்புடுவாங்க?” என்று கேட்டுவிட்டு அவனுக்கு இரண்டாவது முறை பணியாரம் வைத்தாள். எனக்கு ஒரு முறைதான்.

வேலை பார்க்கிறான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கவனித்தேன். அவன் கையை நீட்டுகிறான், மிதுனா ஸ்பேனரை வைக்கிறாள். எந்த அளவு என்று அவன் சொல்வதில்லை. சரியான ஸ்பேனர் போய்ச் சேருகிறது. நானும் கையை நீட்டிப் பார்த்தேன். “என்ன மாமா வேணும்?” என்று கேட்டாள்.

எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

பெரும் போர். இந்திரனுக்கும் விருத்திராசுரனுக்கும் நடந்தது இதற்குப் பக்கத்தில் கோலிகுண்டு விளையாட்டு.

விஷயம் கேம் ஷாஃப்ட். இன்ஜின் எவ்வளவு மூச்சு வாங்கும், எப்போது வாங்கும் என்பதை அந்தத் தண்டில் உள்ள மேடுகள்தான் தீர்மானிக்கின்றன. மேடு உயர உயர வேகம். நான் பந்தய வண்டி மேடு வைக்கச் சொன்னேன். பையன் தயங்கினான்.

“மாமா, இந்தக் கேம் போட்டா வேகத்துல பிச்சுக்கும். ஆனா ஐட்லிங்ல நிக்காதுங்க. ஊர்வலத்துல ஆளு நடக்கற வேகத்துல போகோணும். அணைஞ்சு அணைஞ்சு போகும், சூடாகும். சாதாக் கேமே போதுமுங்க.”

அவன் சொன்னது சரிதான். அதுதான் பிரச்சினை. அதையே லேத் பட்டறைக்காரர் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன். இவன் சொல்லி, மிதுனா பக்கத்தில் நின்று “ஆமா மாமா” என்று வேறு சொன்ன பிறகு, ஆண்மகன் எப்படி ஒத்துக்கொள்வது?

“தம்பி, புலிய வளக்கறவன் அதுக்குத் தயிர் சோறு போட மாட்டான்” என்றேன்.

“செரிங்க மாமா” என்றான். உடனே ஒத்துக்கொண்டான். கொஞ்சம் எதிர்த்திருக்கலாம்.

ஜூலை 13, ஞாயிறு

போர் அடித்த சிலிண்டர் லேத்திலிருந்து வந்தது. உள்ளே முகம் பார்த்து மீசை சீவலாம். பையன் அளந்து பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மிதுனாவை பேக்கரிக்குக் கூட்டிப் போனான். அவர்கள் தெரு திரும்பியதும் நான் அளந்தேன். அவன் சொன்ன அளவேதான். துடைத்துவிட்டு அளந்தேன். அதே அளவு. கண்ணாடியைக் கழற்றி மாட்டி அளந்தேன். கருவியின் மீதே சந்தேகம் வந்துவிட்டது.

எனக்கு ஒரு தேங்காய் பன் வாங்கி வந்தார்கள். ஆறியிருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் பெண்ணும் பையனும் சேர்ந்து சுற்றக் கூடாது என்று அக்காவிடம் போய் ஞாபகப்படுத்தினேன். “அது கல்யாணம் ஆனவங்களுக்குடா” என்று சிரித்தாள். சம்பிரதாயங்களில்கூட ஓட்டை வைத்துவிட்டார்கள் முன்னோர்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

ஸ்டார்ட் செய்தேன்!

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, சாவியைத் திருப்பினேன். அந்தச் சத்தத்தில் உக்கடம் குளத்து மீன்கள் வாளையாறு தாண்டி ஓடின. மருதமலை முருகன் ‘யாரது’ என்று வேலைக் கையில் எடுத்தார். எதிர்வீட்டு மாவரைக்கும் கல் தானாகச் சுற்றியது. மிதுனா காதைப் பொத்திக்கொண்டு குதித்தாள். குதித்தது என் பக்கம் பார்த்துத்தான். இதை அடிக்கோடிடுகிறேன்.

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடுகிறது. அது சின்ன விஷயம்.

பெரிய விஷயம் இனிமேல்தான். அந்தப் பையன் வண்டியைச் சுற்றி வந்தான், பானெட்டைத் தடவினான். “அருமையா இருக்குதுங்க மாமா. இந்த மாதிரி ஒரு இன்ஜின் நம்ம ஊர்லயே கெடையாதுங்க” என்று மூச்சு விட்டான்.

கண்! ஊர்க்கண், உறவுக்கண் எல்லாம் சேர்ந்து ஒரே ஆளின் இரண்டு கண்ணாக வந்து நிற்கிறது. ஆசைப்படுகிறான். பொண்ணும் அவனுக்கு, வண்டியும் அவனுக்கா? பொறாமை பிடித்தவனின் பார்வை பச்சை மரத்தையும் எரிக்கும். இப்படிப்பட்ட ஆட்களை எனக்கு நன்றாகவே அடையாளம் தெரியும்.

சாயங்காலமே காந்திபுரம் போய், புது வீடு கட்டும்போது மாட்டுகிற திருஷ்டி பூத முகம் ஒன்று வாங்கினேன். கடையிலேயே பெரியது. முறம் அகலம். கோரைப் பல், உருட்டிய விழி, துருத்திய நாக்கு. வண்டியின் முன்பக்கம், ரேடியேட்டருக்கு நேரே, கட்டுக்கம்பி போட்டு இறுக்கிவிட்டேன். இனி அவன் எவ்வளவு வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

புது இன்ஜினை முதல் ஆயிரம் கிலோமீட்டர் நாற்பது வேகத்துக்கு மேல் விரட்டக் கூடாது. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் ஒன்றோடொன்று உரசிப் பழக வேண்டும். வாரநாளில் எனக்குக் கடை. “ஞாயித்துக்கெழம நாங்க ரெண்டு பேரும் ஓட்டீட்டு வர்றோம் மாமா” என்றாள் மிதுனா. இன்ஜினுக்குள் இரண்டு பழகினால் போதாதா?

நானும் ஏறிக்கொண்டேன். பின் சீட்டில். சத்தம் கேட்க நிபுணர் ஒருவர் வேண்டுமல்லவா? அவர்கள் என்னைக் கெஞ்சிக் கூப்பிட்டார்கள் என்றே எழுதலாம். வாய் திறந்து கெஞ்சவில்லை, முகத்தில் தெரிந்தது.

பொள்ளாச்சி வரை போனோம். முன்னால் அவர்கள் பேசியது காற்றில் பாதிதான் கேட்டது. ஆகவே இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டேன். அவர்கள் இன்ஜினைப் பற்றிப் பேசவில்லை. வாடகைக்குப் பார்த்திருக்கும் வீட்டில் எந்த ஜன்னலில் வெயில் வரும் என்று பேசினார்கள். வெயிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆனைமலை ரோட்டில் இளநீர்க் கடையில் நிறுத்தி அவள் இரண்டு வாங்கினாள். பிறகு ஒன்று வாங்கினாள்.

மூட்டு வலி. பின் சீட்டில் கால் வைக்க இடமில்லை. தனபாக்கியம் தைலம் தேய்த்துவிட்டாள்.

“பொள்ளாச்சி எப்படி இருந்துச்சுங்க?”

“கார்புரேட்டர் நல்லா வேல செய்யுது.”

“நான் ஊரக் கேட்டேன்.”

ஆகஸ்ட் 17, ஞாயிறு

உடுமலை வரை. இன்றும் பின் சீட்டில் நான். திரும்பி வரும்போது திருமூர்த்தி அணைப் பக்கம் போகலாம் என்று அவன் கேட்டான். இன்ஜினுக்கு மேடு ஆகாது என்றேன். ரோடு சமமாகத்தான் இருந்தது.

வீட்டு வாசலில் இறங்கியதும் மிதுனா அவனை அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது.

“மாமா, ஒரே ஒரு நாளு எங்கள தனியா விட்டிருக்கலாமல்ல? அவரு ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு. நான் சொல்றேன்.”

“ரிங்கு சத்தம் கேக்கறதுக்குத்தான் கண்ணு...”

“ரிங்கு சத்தம் உங்களுக்கு மட்டுமா கேக்குது? அவருக்கும் கேக்கும். எனக்கும் கேக்கும்.”

போய்விட்டாள். பணியாரம் சாப்பிடாமல்.

வண்டியில் இடது பக்கம் ஏதோ ஒரு வித்தியாசமான சத்தம் வருகிறது. வால்வாக இருக்கலாம். எதற்கும் குறித்து வைக்கிறேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வாரநாளிலும் கடைக்கு லீவு போட்டு நானே ஓட்டி ஆயிரத்தை முடித்துவிட்டேன். இன்று தனியாகப் பல்லடம் ரோட்டில் விட்டேன். அறுபது வரை முக்கி முனகிக்கொண்டு வந்த வண்டி, எழுபதைத் தாண்டியதும் திடீரென்று வாயை மூடியது. அப்புறம் ஒரே சுதி. தொண்ணூறு. பக்கத்தில் விசைத்தறிக் கொட்டகைகள் எல்லாம் பின்னால் ஓடின. இரண்டு கார்புரேட்டரும் மூச்சை இழுக்கிற சத்தம், கடலே ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது போல. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நின்றது. பூத முகம் காற்றில் விசிலடித்தது. கண்ணில் தண்ணீர். காற்றினால்.

“பாத்தியா!” என்று பக்கத்து சீட்டைப் பார்த்துக் கத்தினேன். யாருமில்லை. நாளைய பஜ்ஜிக்குத் தனபாக்கியம் வாங்கி வரச் சொன்ன ஒரு கட்டு வாழைக்காய்தான் இருந்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பையன் வந்தான், தனியாக. வெகுநேரம் பூத முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“மாமா, ஒண்ணு சொல்லலாமுங்களா?”

“சொல்லு.”

“இது ரேடியேட்டரை மறைக்குதுங்க. வேகமாப் போறப்போ எப்படியோ காத்து புகுந்துருது. ஊர்வலத்துல காத்தே இருக்காது. ஏற்கெனவே சூடாகற இன்ஜின். அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் கழட்டி வெச்சுக்கலாமுங்க.”

பார்த்தீர்களா? காவலைக் கழற்றச் சொல்கிறான். கோட்டைக்கு வெளியே நின்று, ‘கதவு பாரமாக இருக்கிறது, கழற்றி வையுங்கள்’ என்று எந்தப் படையெடுப்பாளன் சொல்ல மாட்டான்?

“அது கழட்டறதுக்கு மாட்டினதில்ல தம்பி.”

அவன் போன பிறகு தனபாக்கியம் காபி டம்ளரை எடுக்க வந்தாள். “அந்தப் பையன் கண்ணுல எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. நம்ம வீட்லயே வேற கண்ணு இருக்குது” என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரராக இருக்கலாம்.

செப்டம்பர் 3, புதன்

இன்று மாலை மாப்பிள்ளை அழைப்பு. பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், கூலிங் கிளாஸ். ஸ்டியரிங்கைத் துடைத்து வைத்திருக்கிறேன். ஊர் என்னைப் பார்க்கட்டும்.

செப்டம்பர் 5, வெள்ளி

என் கை எழுதாது. இரண்டு உள்ளங்கையிலும் கட்டு. நான் சொல்லச் சொல்லத் தனபாக்கியம் எழுதுகிறாள். ஒரு எழுத்து மாறாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

பிள்ளையார் கோயில் வாசலில் பையனுக்கு மாலை போட்டுப் பின் சீட்டில் ஏற்றினார்கள். முன்னால் செண்டை மேளம். முப்பத்துமுக்கோடி தேவர்களும் சிங்காநல்லூர் மொட்டை மாடிகளில் இடம் பிடித்திருந்தார்கள். நான் வண்டியை எடுத்தேன். சிங்கம் போலப் புறப்பட்டது.

தனபாக்கியம் எழுதுவது: தவளை போல என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். குதிக்கும், நிற்கும், அணையும்.

அது செண்டைக்காரர்களின் தவறு. ஒவ்வொரு முக்கிலும் நின்று நின்று அடித்தால் சிங்கம் என்ன செய்யும்? கிளட்ச் கருகும் வாசனை வந்தது. சூட்டு முள் வலது கோடிக்குப் போய், அதற்கு மேல் இடமில்லாமல் நடுங்கியது. பூதத்தின் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் வெள்ளைப் புகை பீறிட்டது. ஜனங்கள் அதை ஏற்பாடு என்று நினைத்துக் கை தட்டினார்கள். செண்டைக்காரர்கள் மேளத்தோடு சாக்கடைத் திண்டில் ஏறிக்கொண்டார்கள்.

நான் இறங்கிப் பானெட்டைத் திறந்து, அங்கவஸ்திரத்தைக் கையில் சுற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன்.

தனபாக்கியம் எழுதுவது: மாப்பிள்ளை “தொடாதீங்க மாமா”ன்னு கத்தியிருக்கிறார். பட்டு அங்கவஸ்திரம் ஒரு துணியா? கொதிக்கிற தண்ணீர் பீய்ச்சியடித்தது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் இவர் தொட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

இதை அடிக்கச் சொன்னேன். அடிக்க மாட்டேன் என்கிறாள்.

பையன் வண்டியிலிருந்து குதித்தான். மாலையோடு மண்டியிட்டு, கட்டுக்கம்பியை இடுக்கி இல்லாமல் கையாலேயே முறுக்கி அறுத்து, பூதத்தைப் பிடுங்கினான். விரலில் ரத்தம். டீக்கடையில் ஒரு குடம் தண்ணீர் வாங்கிச் சூடு ஆற ஆறக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். பிறகு செண்டைக்காரர்களிடம், “நீங்க அடுத்த முக்கு வரைக்கும் அடிச்சுட்டுப் போயிருங்க. நாங்க அதுக்கப்பறம் ஒரே ஓட்டமா வந்து சேந்துக்கறோம். மறுபடி நிறுத்தறோம், மறுபடி ஓட்டம். இந்த வண்டி நடக்காது, ஓடத்தான் ஓடும்” என்றான்.

எல்லாம் சரி. ஓட்டுவது யார்?

டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். ஏறவில்லை. “நீங்க சொல்லுங்க மாமா” என்றான்.

ஊரே பார்க்கிறது. என் கையைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையிலும் இரண்டு ஊத்தப்பம் வெந்துகொண்டிருந்தன. ஸ்டியரிங்கைத் தொட்டேன். ஒருமுறைதான் தொட முடிந்தது.

“ஏறுங்க மாப்ள” என்றேன்.

மாலையோடு ஓட்ட முடியாது. கல்யாண மாலையைக் கீழே வைக்கவும் கூடாது, சீட்டில் போடவும் கூடாது. ஒரு கணம் இப்படி அப்படிப் பார்த்தான். அப்புறம் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டான். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

அப்படியாகத்தானே நான் மாப்பிள்ளை அழைப்பில் வந்து சேர்ந்தேன். அடுத்த முக்குவரை மேளம் போகும், நாங்கள் அம்பாகப் பாய்ந்து போய் நிற்போம். மறுபடி பாய்ச்சல். நின்ற இடத்திலெல்லாம் ஜனம் மொய்த்தது. பூக்காரம்மா ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்து, “ஏனப்பா, இந்த மாப்பிள்ளைக்கு மண்டைக்குச் சாயம் அடிக்கக்கூட ஆளில்லையா?” என்று கேட்டாள். பக்கத்தில் நின்றவள், “டிரைவர் லட்சணமா இருக்கறான், மாப்பிள்ளைதான் சுமார்” என்றாள். யுகேந்திரனின் முதுகு குலுங்கியது. சிரிக்கட்டும். நானும் சிரித்தேன் என்று எழுது.

தனபாக்கியம் எழுதுவது: சிரித்துக்கொண்டேதான் வந்தார். நான் மண்டபத்து வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றேன். கார் வந்து நிற்கிறது, மாலையும் கழுத்துமாக இவர் உட்கார்ந்திருக்கிறார். “ஏனுங், ரெண்டாந்தாரமா? பொண்ணு யாருங்க?” என்று கேட்டேன். மண்டபமே சிரித்தது.

அதற்கு அடுத்து நடந்ததையும் எழுது.

மணப்பெண் அந்த நேரத்தில் வெளியே வரக் கூடாது. மிதுனா மாடியிலிருந்து வந்துவிட்டாள், படியை இரண்டிரண்டாகத் தாண்டி. நேராகக் காரை நோக்கி ஓடி வந்தாள். நான் வெந்த கை இரண்டையும் மடியில் மல்லாத்தி வைத்திருந்தேன். சின்ன வயதில் எனக்கு ஸோல்டரிங் சூடு பட்டால், ஊதி ஊதி மருந்து போட வருவது அவள்தான்.

என்னைத் தாண்டிப் போனாள். அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். அவன் விரலில் இருந்தது ஒரு கீறல். கொசு கடித்தால் இன்னும் பெரிதாக இருக்கும்.

சரி. நிறுத்து. அவ்வளவுதான்.

தனபாக்கியம் எழுதுவது: இவர் நிறுத்தினாலும் மீதியை நான் எழுதுகிறேன். ஆரத்தித் தட்டை மிதுனா அம்மாவிடம் கொடுத்துவிட்டு இவரைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப் போய், குழாயடியில் உட்கார வைத்து, சொம்பு சொம்பாகக் கையில் தண்ணீர் விட்டேன். வெகுநேரம் விட்டேன். குழந்தை போல மூக்கை உறிஞ்சினார். “அவ என்னப் பாக்கவே இல்ல பாக்கியம்” என்றார். நான் சொன்னேன்: “இத்தன மாசமா அந்த வண்டிய எறக்கி ஏத்தி அரிச்சந்திர நாடகம் நடத்துனீங்க. நான் டார்ச் புடிச்சேன், தைலம் தேச்சேன். ஒரு நாளாவது, ஏறு பாக்கியம், ஒரு சுத்து போயிட்டு வரலாம்னு சொன்னீங்களா?” தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேன். அப்புறம் மிதுனா ஓடி வந்தாள், மாமா கையைப் பார்த்து அழுதாள், மருந்து வைத்துக் கட்டினாள். அதை இவர் சொல்ல மாட்டார் போலிருக்கிறது, அதனால் எழுதினேன்.

வந்தாள். நான் மறுக்கவில்லை.

நேற்று முகூர்த்தம் ஆனதும் பெண்ணும் மாப்பிள்ளையும் கிளம்பினார்கள். சாவியை நான்தான் கொடுத்தேன். பிடுங்கினான் என்று யாராவது சொன்னால் அது பொய். “நீங்களும் பின்னாடி ஏறுங்க மாமா” என்று மாப்பிள்ளை கூப்பிட்டார். உண்மையாகத்தான் கூப்பிட்டார். மிதுனா என்னைப் பார்த்தாள்.

“வேண்டாம் கண்ணு. ரிங்கு சத்தம் உங்க ரெண்டு பேருக்கும் கேக்கும்” என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கை ஆறிவிட்டது. எழுத்து கொஞ்சம் கோழி கிளறியது போல இருக்கிறது.

மறுவிருந்துக்கு இருவரும் வந்தார்கள். வண்டியை ஓட்டி வந்தது மிதுனா. மாப்பிள்ளை கற்றுக்கொடுத்தாராம். என்னிடம் கேட்டிருந்தால் இன்னும் நன்றாகக் கற்றுக்கொடுத்திருப்பேன். அதை வெளியே சொல்லவில்லை, இங்கே மட்டும் எழுதுகிறேன்.

சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது மாப்பிள்ளை மெல்ல ஆரம்பித்தார். “மாமா, நீங்க சம்மதிச்சா அந்தக் கேமை மட்டும் மாத்தீரலாமுங்க. சாதாக் கேம் போட்டா ஐட்லிங்ல நிக்கும். கோயிலுக்கு, கடைக்கு, மெதுவாப் போயிட்டு வர்றதுக்குச் சௌகரியமா இருக்கும். ஒரு ஞாயித்துக்கெழம வேலதான்.”

முதல் நாளே அவர் சொன்னதுதான். என்ன செய்ய, சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“எதுக்குங்க மாத்தோணும்?”

தனபாக்கியம். சமையல்கட்டு வாசலில், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு.

“மெதுவாப் போகாதுங்க அத்தை, அதுதான்...”

“மெதுவாப் போகாதுன்னா வேகமாப் போறது” என்றாள். செருப்பை மாட்டினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலுக்குப் போனாள். காரைச் சுற்றி வந்தாள். முன் கதவைத் திறந்து, புடவையை ஒதுக்கி உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள். “ஏனுங், நின்னுட்டே இருக்கறீங்க?”

மிதுனா கை தட்டினாள். நான் போய் ஏறினேன்.

சூலூர் சிக்னலில் வண்டி அணைந்தது. பக்கத்தில் பைக்கில் வந்த ஒருவன் இரண்டு கார்புரேட்டரையோ இன்ஜின் சத்தத்தையோ விசாரிக்கவில்லை. காற்றில் கலைந்த இவள் தலையைப் பார்த்து, “சூப்பருங்க அக்கா!” என்றான். இவள் சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை, முன்பின் தெரியாத பயல் ஒருவன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். பச்சை விழுந்ததும் மிதித்தேன்.

அறுபது. வண்டி முனகியது. எழுபது, முனகல் நின்றது. தொண்ணூறு. கதவைப் பிடித்திருக்கிறாளா, பயந்துவிட்டாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். இரண்டு கையும் மடியில் இருந்தன. என்னைப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவ்வளவுதானுங்களா?” என்றாள்.